நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சு: ஓர் ஐவர் அணியின் 14 வாரங்கள்

பின்னணி

இந்த ஆய்வில் இடம்பெறுவோர் ஐந்து பேர். கோயம்புத்தூர் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் விடுதியில் ஒன்றாகப் பழகி, படிப்பு முடிந்ததும் மூவர் சென்னை, பெங்களூரு, ஓசூர் என வேலைக்குப் பிரிந்துபோக, இருவர் ஊரிலேயே தங்கிவிட, இரவு 10 மணிக்கு மேல் டிஸ்கார்டு என்னும் குரல் அரட்டைச் செயலியில் கூடி டோட்டா 2 என்னும் இணையக் கணினி ஆட்டத்தை ஆடுகிறவர்கள். பெயர்களைத் தவிர்த்து, அவரவர் ஆடும் இடத்தாலேயே இங்கே குறிப்பிடுகிறேன்: கேரி, மிட், ஆஃப்லேன், நான்காம் எண், ஐந்தாம் எண். அதே விடுதியில் அவர்களுக்கு 4 ஆண்டு மூத்தவன் என்பதைத் தவிர, அவர்களுடைய ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்குத் தனித் தகுதி எதுவும் இல்லை. கேரியாக ஆடும் இளைஞர் என்னைவிட நன்றாகவே ஆடுவார்.

டோட்டா 2 ஆடாதவர்களுக்காகச் சில வரிகள். 2013-இல் வால்வு நிறுவனம் முறையாக வெளியிட்ட இந்த ஆட்டத்தில் அணிக்கு ஐவர், ஆளுக்கு ஒரு ஹீரோ. இரு தளங்களையும் இணைக்கும் பாதைகள் லேன்கள். அவற்றில் டவர் என்னும் காவல் கோபுரங்களும், தானாக நடந்துவரும் கிரீப் என்னும் சிறு படைகளும் உண்டு. எதிரணித் தளத்தின் உள்ளே இருக்கும் ஏன்ஷியன்ட் என்னும் கட்டடத்தை முதலில் தகர்ப்பவர்கள் வென்றவர்கள். ஓர் ஆட்டம் பெரும்பாலும் 30 முதல் 50 நிமிடம் வரை நீளும். தோற்கிறோம் என்று தெரிந்தபிறகும் பாதியில் எழுந்து போனால் தண்டனை உண்டு. கேரி என்பவர் தொடக்கத்தில் பலவீனமாக இருந்து, தங்கம் சேர்த்துப் பொருள் வாங்கி, கடைசியில் ஆட்டத்தைத் தூக்கிச் செல்பவர். மிட் நடு லேனிலும், ஆஃப்லேன் எதிரணிக் கேரி நிற்கும் லேனிலும் தொடங்குபவர்கள். சப்போர்ட் எனப்படும் நான்காம், ஐந்தாம் எண்கள் கேரிக்கு வழிவிட்டு, தமக்கென அதிகம் வாங்காமல் வார்டு என்னும் கண்காணிப்புக் கருவியை நட்டு, காவல் நின்று, தேவைப்பட்டால் அவருக்குப் பதிலாகச் சாகிறவர்கள். வரைபடத்தில் தன் அணியினரோ, கட்டடங்களோ, நட்டுவைத்த வார்டோ பார்க்கும் இடம் மட்டுமே வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு. ஓர் அப்சர்வர் வார்டின் ஆயுளோ 6 நிமிடம்தான். ஆகவே, "மேலே மூணு பேரக் காணோம்" என்று ஒருவர் சொல்வதும் மற்ற நால்வர் அதைக் காதில் வாங்குவதும் அணியின் கண்பார்வையில் ஒரு பகுதி. இதை இப்போதே சொல்லிவைக்கக் காரணம், எங்களுக்கு இது விளங்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

முறையீடு

கடந்த ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் ஐந்தாம் எண் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஆடப் புடிக்கலைங்ணா. ஆனா இவனுகள விட்டுட்டுப் போகவும் புடிக்கல" என்றார். அதற்கு முந்தைய 3 வாரங்களில் அவர்கள் சேர்ந்து ஆடியவை 31 ஆட்டங்கள். அவற்றில் தோற்றவை 20. தோல்வியைவிட, ஆட்டம் முடிந்ததும் யாரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொருவராக டிஸ்கார்டிலிருந்து வெளியேறுவதுதான் அவரை வருத்தியது.

மற்ற நால்வரையும் தனித்தனியே கேட்டேன். சப்போர்ட் இருவரும் வரைபடத்தைப் பார்ப்பதில்லை என்றார் கேரி. எதிரே வருகிறவர்கள் தரத்தில் கூடியவர்கள், எதிரணியைத் தேர்ந்து இணைக்கும் மேட்ச்மேக்கிங் சரியில்லை என்றார் மிட். ஓசூரில் தான் தங்கியிருக்கும் அறையின் இணைப்பைக் குறைகூறினார் ஆஃப்லேன். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. "தோத்தா நாங்க ஆடுனதுங்ணா, ஜெயிச்சா அவன் ஆடுனது" என்றார் நான்காம் எண். ஐவரும் சொன்னவை ஐந்து வெவ்வேறு காரணங்கள். தன் ஆட்டத்தைக் காரணமாகச் சொன்னவர் ஐந்தாம் எண் மட்டுமே. அதையும் அவர் தேவைக்கு மேலாகவே சொன்னார்.

ஆத்திரத்தில் நிதானம் இழப்பதைக் குறிக்கும் டில்ட் என்ற சொல்லை ஐவரும் தாராளமாகப் பயன்படுத்தினர்: "அவன் டில்ட் ஆயிட்டான்", "என்னைய டில்ட் பண்ணாத". பந்தைத் தட்டி விளையாடும் பழைய பின்பால் எந்திரத்தைக் கோபத்தில் உலுக்கினால் அது உறைந்து நின்றுவிடும். அப்போது எரியும் எழுத்துதான் இந்தச் சொல். அதைப் போக்கர் ஆடுபவர்கள் எடுத்துக்கொண்டு, அவர்களிடமிருந்து இணைய ஆட்டங்களுக்கு வந்தது. எந்திரத்தில் உலுக்குபவனின் கைதான் கட்டிப்போடப்படும். ஐவர் அணியில் அப்படி இல்லை. ஒருவர் உலுக்கினால் ஐவரின் கையும் நின்றுபோகும்.

52 விநாடிகள்

நல்வாய்ப்பாக ஆஃப்லேனிடம் ஒரு பழக்கம் இருந்தது. துணுக்குக் காணொளி போடும் ஆசையில் அவர் எல்லா ஆட்டங்களையும் டிஸ்கார்டு பேச்சோடு சேர்த்து ஓபிஎஸ் என்னும் மென்பொருளில் பதிவு செய்து வைத்திருந்தார். ஆட்டத்துக்குள் கிடைக்கும் ரீப்ளேயில் ஒவ்வொருவரும் எங்கே நின்றார், என்ன செய்தார் என்று காணலாமே தவிர, டிஸ்கார்டில் பேசியது கேட்காது. ஐவரின் ஒப்புதலோடு, முன்னணியில் இருந்து தோற்ற ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன்.

31-ஆம் நிமிடம், 10-ஆம் விநாடி. தங்கக் கணக்கில் நம்மவர்கள் ஏறக்குறைய 11,000 முன்னே. எர்த்ஷேக்கர் என்னும் ஹீரோவாக ஆடிய நான்காம் எண், எதிரணிக் காட்டின் மேட்டில் வார்டு நடத் தனியே போகிறார். அங்கே மூவர் காத்திருந்ததால் உடனே விழுகிறார். காப்பாற்றப் போன ஆஃப்லேன், காப்பாற்ற ஆள் இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்து தானும் விழுகிறார். 52 விநாடி கழித்து, 32-ஆம் நிமிடம் 2-ஆம் விநாடியில், வரைபடத்தில் ஒரு குழிக்குள் இருக்கும் ரோஷன் என்னும் பூதத்தை எதிரணி கொன்றுவிட்டதாகத் திரையில் அறிவிப்பு வருகிறது. ரோஷனை வீழ்த்தும் அணிக்கு ஏஜிஸ் கிடைக்கும். அதை வைத்திருப்பவர் 5 நிமிடத்துக்குள் செத்தால் ஒருமுறை அதே இடத்தில் எழுந்து நிற்பார்.

அந்த 52 விநாடிகளில் பேசப்பட்டவற்றை ஒவ்வொரு துண்டாக எழுதினேன். மொத்தம் 17. "ஏன்டா தனியா போன?" "நீ வந்திருந்தா பொழச்சிருப்பேன்." "நான் அப்பவே சொன்னேன்ல." "எத்தன தடவ சொல்றது, தனியா போகாதன்னு." இப்படி நடந்து முடிந்ததைப் பற்றியவை 13. பெருமூச்சும் கசப்பான சிரிப்பும் 2. அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்ததைப் பற்றியவை இரண்டே இரண்டு. ஒன்று, நடு லேன் தள்ளப்படுகிறது என்று மிட் சொன்னது. மற்றொன்று, 31 நிமிடம் 34-ஆம் விநாடியில், அதாவது ரோஷன் சாவதற்கு 28 விநாடி முன்பு, ஐந்தாம் எண் சொன்னது: "ரோஷன்ல இருக்காங்கன்னு நெனக்கிறேன்." கேரியின் குரல் அதன் மேல் விழுந்துவிட்டதால், பதிவை இருமுறை கேட்ட பிறகே அது எனக்குப் பிடிபட்டது.

உயிரோடிருந்த மூவர் ஐவரைக் குழிக்குள் போய் எதிர்த்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எதிரணி மொத்தமும் குழிக்குள் நிற்கும் அந்த அரை நிமிடத்தில், கீழ் லேனில் ஒரு டவரையாவது சாய்த்திருக்கலாம். அல்லது, ஏஜிஸோடு வரப்போகிறார்கள் என்று தெரிந்து, கேரி தன் தங்கத்தைப் பைபேக்குக்காக, அதாவது செத்ததும் காசு கொடுத்து உடனே திரும்பி வருவதற்காக, வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் 33-ஆம் நிமிடத்தில் பொருள் வாங்கினார், 34-இல் செத்தார், திரும்பி வரக் காசில்லை. ஆட்டம் 41-ஆம் நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் இரவு இந்தப் பகுதியை ஐவருக்கும் போட்டுக் காட்டினேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஐந்தாம் எண் கேட்டார்: "நான் சொன்னேனாங்ணா?" சொன்னது அவருக்கே நினைவில் இல்லை.

41 நிமிடப் பேச்சு முழுவதையும் பள்ளியில் படித்த மூன்று காலத்தின்படி பிரித்துப் பார்த்தேன். முன்னணியில் இருந்தவரை ஐந்தில் ஒரு பங்குதான் இறந்தகாலம். 31-ஆம் நிமிடத்துக்குப் பிறகு பாதிக்கு மேல் இறந்தகாலம். இதைவிட நுட்பமான ஒன்றும் தென்பட்டது. பழிச்சொற்களில் பெரும்பாலானவை வினா வடிவில் இருந்தன. "வார்டு எங்க?" "டிபி (சட்டென இடம்பெயர உதவும் சுருள்) இல்லையா?" "பைபேக் வெச்சிருக்கலையா?" வினாவை ஆறு வகையாகப் பிரிக்கும் நம் இலக்கணம், விடை தெரிந்தே கேட்பதை அறிவினா என்றும் தெரியாமல் கேட்பதை அறியாவினா என்றும் சொல்லும். ஆசிரியர் மாணவனிடம் கேட்பது அறிவினா. இங்கே கேரி மற்றவர்களிடம் கேட்டவை எல்லாமே அறிவினாக்கள். ஆகவே அவரிடம், "நான் யாரையும் திட்டலையே, கேக்கத்தானே செஞ்சேன்" என்ற நியாயமும் தயாராக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்.

முதல் முடிவு

காரணம் தெரிந்துவிட்டதாக எண்ணி அவசரப்பட்டோம். அந்த நேரத்தில் ஐவரின் மனத்திலும் ஓஜி அணியின் கதை இருந்தது. 2018 மே மாதத்தில், உலகப் போட்டியான தி இன்டர்நேஷனலுக்கு மூன்று மாதம்கூட இல்லாத நிலையில், அந்த அணியிலிருந்து இருவர் வேறு அணிக்குப் போனார்கள். பயிற்சியாளராக இருந்த செப் ஆடவந்தார். பெரிய மேடை அனுபவமில்லாத டாப்சன் சேர்க்கப்பட்டார். யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய திறந்த தகுதிச்சுற்றிலிருந்து ஆடி வந்து, ஆகஸ்டில் வான்கூவரில் நடந்த இறுதியில் பிஎஸ்ஜி.எல்ஜிடி அணியை 3-2 என வென்றார்கள். அடுத்த ஆண்டு ஷாங்காயிலும் வென்று, அந்தப் பட்டத்தை இருமுறை பெற்ற முதல் அணியானார்கள். "அவங்க ஒருத்தர ஒருத்தர் திட்டவே மாட்டாங்க, அதான் ஜெயிச்சாங்க" என்பது மிட் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். எனக்கும் அப்போது அது சரியாகவே பட்டது.

அதன்படி ஒரு விதி செய்தோம். குறைகூறும் சொல் எதுவும் கூடாது. சொன்னால் 10 ரூபாய், அடுத்த சந்திப்பின் டீச் செலவுக்கு. யாராவது செத்தால் "பரவால்ல" என்று சொல்ல வேண்டும். இது 15 நாள் நடந்தது.

முதல் இரண்டு நாள் சிரிப்பாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து பேச்சே குறைந்தது. எந்தச் சொல் குறைகூறல், எந்தச் சொல் தகவல் என்று ஆட்டத்தின் நடுவே யாரும் தராசு பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், பாதுகாப்பான வழியாக எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். "மேல லேன்ல தனியா நிக்கற, மூணு பேர் வராங்க" என்பதுகூடக் குறையாகக் கேட்குமோ என்று நான்காம் எண் சொல்லாமல் விட்ட ஓர் இடம் பதிவில் இருக்கிறது. இன்னொரு பக்கம், பாராட்டே வசையாக மாறியது. செத்துக் கிடப்பவரிடம் கேரி, "சூப்பர்டா மாப்ள, செம வார்டு" என்பார். இதற்கு 10 ரூபாய் உண்டா இல்லையா என்று ஒரு முழு ஆட்ட நேரம் வாதம் நடந்தது. பதினைந்தாம் நாள் ஐந்தாம் எண் மறுபடி அழைத்தார். "முன்னாடி திட்டும்போதாச்சும் என்ன தப்புன்னு தெரிஞ்சுதுங்ணா. இப்ப அதுவும் தெரியல."

தவறு என்னுடையது. 52 விநாடிப் பதிவு காட்டியது, நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சு நடப்பதைப் பற்றிய பேச்சை அமுக்கிவிடுகிறது என்பதை. நான் அதை, கடுமையான பேச்சு மென்மையான மனத்தைப் புண்படுத்துகிறது என்று வாசித்துவிட்டேன். இரண்டும் உண்மைதான், ஆனால் ஆட்டத்தைத் தோற்கடித்தது முன்னது. ஓஜி விவகாரத்திலும் எங்கள் வாசிப்பு அரைகுறையாகவே இருந்தது: திட்டாமல் இருந்ததை மட்டும் பார்த்தோம்; திட்டாத அந்த நேரத்தில் அவர்கள் வேறு எதைப் பேசினார்கள் என்று கேட்கவில்லை.

இரண்டாவது முடிவு

ஜூலை தொடக்கத்தில் அபராதத்தை விலக்கிவிட்டு, வேறு நான்கு ஏற்பாடுகளைச் செய்தோம்.

முதலாவது, ஆட்டம் முடியும்வரை இறந்தகாலத்தில் பேசுவதில்லை என்பது. கெட்ட சொல், நல்ல சொல் என்ற பாகுபாடு இதில் இல்லை. "நல்லா அடிச்ச" என்பதும் இறந்தகாலம்தான். அதையும் தள்ளிப்போட வேண்டும். கண்டிப்பாகச் சொல்லியே ஆகவேண்டிய தவறு ஒன்று கண்ணில் பட்டால், நிமிடத்தை மட்டும் சொல்லி "31 நோட்" என்றால் போதும். ஐந்தாம் எண் தன் மேசையிலுள்ள நோட்டில் எழுதிக்கொள்வார். இதற்கான காரணத்தை ஐவரிடமும் விளக்கியபோது நான் அழுத்திச் சொன்னது, குறை சொல்வதை யாரும் தடுக்கவில்லை, அதற்கு இன்னோர் இடமும் நேரமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான். தடுத்தால் அது வேறு வழியில் வெளியே வரும் என்பதை அந்த 15 நாட்கள் காட்டிவிட்டன.

இரண்டாவது, வரைபடத்தைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு கேரியிடமிருந்து ஐந்தாம் எண்ணுக்கு மாறியது. கேரியின் கண் எப்போதும் கிரீப்பின் உயிர்க்கோட்டில் இருக்கும்; கடைசி அடி தன்னுடையதாக இருந்தால்தான் தங்கம். ஐந்தாம் எண்ணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கிரிஸ்டல் மெய்டன் என்னும் ஹீரோவை வைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நிற்பவருக்கு வரைபடத்தைப் பார்க்க நேரம் இருக்கும். கடைசியாக ரோஷன் செத்த நேரத்தைக் குறித்து, அதிலிருந்து 8 முதல் 11 நிமிடத்துக்குள் அது மறுபடி வரும் என்று கணக்கு வைப்பதும் அவர் வேலையானது.

மூன்றாவது, ஆட்டங்களைப் பற்றிய பேச்சு மறுநாள்தான், 20 நிமிடம்தான். முதலில் ஒவ்வொருவரும் தன் தவறு ஒன்றை ரீப்ளேயில் தானே காட்ட வேண்டும். பிறர் தவறைப் பற்றிப் பேசுவதானால் அறியாவினாவாக மட்டும் கேட்கலாம். அதாவது, உண்மையிலேயே விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். "அப்ப உன் திரையில என்ன தெரிஞ்சுது?" என்பது இதற்கு ஒரு நல்ல மாதிரியாக நிலைத்தது. எர்த்ஷேக்கர் தனியே போன அந்த நிகழ்வையே மறுபடி எடுத்து இந்தக் கேள்வியைக் கேட்டபோது, ஆஃப்லேன் தனக்குப் பின்னால் வருவதாக நான்காம் எண் நினைத்திருந்ததும், வரும் வழியில் ஆஃப்லேன் ஒரு கேம்பை (தங்கத்துக்காக அடிக்கும் காட்டு விலங்குக் கூட்டத்தை) அடிக்க நின்றுவிட்டதும் முதன்முறையாகத் தெரியவந்தன. ஒன்றரை மாதமாக அது "தனியா போனான்" என்றே பேசப்பட்டு வந்திருந்தது.

நான்காவது, தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்குத் தரவரிசைக்குக் கணக்கிடப்படும் ரேங்க் ஆட்டம் முடிந்தது. இதற்கு விளக்கம் தேவையில்லை. அவர்களுடைய மோசமான பதிவுகள் பெரும்பாலும் நள்ளிரவு 1 மணிக்குப் பிந்தையவை.

இவற்றோடு, எதிரணியின் அரட்டையை ஆட்டம் தொடங்கும்போதே மியூட் செய்வது என்றும் சொன்னேன். மிட் அதைக் கோழைத்தனம் என்றார். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் ரயட் நிறுவனம் ஒருமுறை எதிரணியோடு பேசும் வசதியை இயல்பாகவே அணைத்துவைத்து, வேண்டியவர்கள் மட்டும் இயக்கிக்கொள்ளலாம் என்று மாற்றியபோது, பேசும் அளவு பெரிதாகக் குறையாமலே கெட்ட பேச்சு கணிசமாகக் குறைந்தது என்பதை எடுத்துச் சொன்னேன். ஒரு பொத்தானை அழுத்தவேண்டிய சிறு தாமதமே பாதிக் கோபத்தை ஆற்றிவிடுகிறது. மிட் முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் மியூட் செய்தார்.

எதிர்ப்பு வந்தது கேரியிடமிருந்து. வரைபடப் பொறுப்பை இன்னொருவருக்குக் கொடுப்பதை ஐவர் முன்னிலையில் அறிவித்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நான்கு நாள் "வேலை இருக்கு" என்று ஆட வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவர், ஐந்தாம் எண் எதைச் சொன்னாலும் "சரிங்க தலைவரே" என்றார். ஆனால், சொன்னதைச் செய்தார்.

பின்னர் நடந்தவை

முதல் வாரத்தில் விதி அடிக்கடி உடைந்தது. இரண்டாம் வாரத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது: "நோட்" என்ற சொல்லே வசைச்சொல்லாகிவிட்டது. ஒருவர் செத்த அடுத்த நொடி மூவர் ஒரே குரலில் "நோட்! நோட்! நோட்!" என்று கத்தினார்கள். ஆகவே, நோட் சொல்லும் உரிமையைத் தன் தவறுக்கு மட்டும் என்று சுருக்கினோம். பிறர் தவறு கண்ணில் பட்டால் மறுநாள்வரை நினைவில் வைத்திருக்க வேண்டியதுதான். மறந்துபோனால் அது அவ்வளவு பெரிய தவறு இல்லை என்று பொருள். இந்தச் சிறு மாற்றம்தான், என் கணிப்பில், மற்ற ஏற்பாடுகளுக்கு உயிர் கொடுத்தது.

ஐந்தாம் எண்ணின் நோட்டில், மாற்றத்துக்கு முந்தைய வாரத்தில் தன் தவறாகத் தானே சொன்னவை 4. மூன்று வாரம் கழித்து ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான ஆட்டங்களில் 19. "நாங்க இப்ப முன்னைவிட மோசமா ஆடறோமாங்ணா?" என்று ஆஃப்லேன் கவலையோடு கேட்டார். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு முதலில் குழம்பினார்; அங்கே தவறுகள் கூடுதலாக நடக்கவில்லை, அஞ்சாமல் சொல்லப்பட்டன என்பது பிறகே தெரிந்தது. நோயாளியின் உயிரையும் ஓர் ஆட்டத்தையும் ஒப்பிடுவது சற்று அதிகம்தான். ஆனால் ஆஃப்லேனுக்கு விடை சொல்ல எனக்கு அது உதவியது.

ஆகஸ்டு நடுவில், பழைய 52 விநாடியை ஒத்த ஒரு நிகழ்வு மீண்டும் வந்தது. 29-ஆம் நிமிடத்தில் ஆஃப்லேனும் மிட்டும் அடுத்தடுத்து விழுந்தார்கள். "29 நோட், என் தப்பு" என்றார் மிட். இரண்டு விநாடி அமைதி. "ரோஷன் போவாங்க. கேரி, பைபேக் காசு தொடாத. நாம மூணு பேரும் கீழ டவர்" என்றார் ஐந்தாம் எண். டவர் விழுந்தது, பைபேக் காசு நின்றது. அந்த ஆட்டத்தையும் தோற்றார்கள். ஆனால் 12 நிமிடம் கூடுதலாக நின்று, கடைசிவரை வெல்லும் வாய்ப்போடு தோற்றார்கள். முடிந்ததும் யாரும் டிஸ்கார்டைவிட்டு உடனே போகவில்லை. ஓசூரில் வீட்டுச் சொந்தக்காரர் இரவு 11 மணிக்கு மேல் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுவது பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரேங்கைப் பொறுத்தவரை, ஜூனில் ஐவரும் ஆர்க்கான் பதக்கத்தில் இருந்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் மூவர் அதற்கு அடுத்த படியான லெஜண்ட். ஐந்தாம் எண்ணும் ஆஃப்லேனும் ஆர்க்கானிலேயே, முன்னைவிட மேல்நிலை நட்சத்திரங்களோடு. இதை எங்கள் ஏற்பாட்டின் வெற்றி என்று நான் எழுதத் தயாரில்லை. இடையில் ஆஃப்லேன் வேறு இணைப்புக்கு மாறினார். ஆட்டத்தைத் திருத்தும் புதிய பேட்ச் ஒன்றும் வந்து அவர்களுக்குப் பிடித்த ஹீரோக்களைப் பலப்படுத்தியது. இரண்டு தோல்வியோடு நிறுத்தும் விதியால் மட்டுமே எத்தனை வீண் தோல்விகள் தவிர்ந்தன என்பதற்கும் கணக்கில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது, ஆட்டத்துக்குள் காட்டப்படும் நடத்தை மதிப்பெண் ஐவருக்கும் ஏறியது என்பதும், முன்னணியில் இருந்து கோட்டைவிடும் ஆட்டங்கள் குறைந்தன என்பதும்தான்.

மிட் கடைசி வாரங்களில் விலகினார். சண்டை எதுவும் இல்லை. மறுநாள் 20 நிமிடம் உட்கார்ந்து தன் தவறைத் தானே காட்டுவது வேலைக்குப் பிறகு இன்னொரு வேலையாகத் தெரிவதாகவும், தனியாக ஆடுவதே தனக்குச் சுகம் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் குறைகாண ஏதுமில்லை. இளைப்பாற ஆடுகிறவரை முன்னேற்றத்துக்காக ஆடச் சொல்லி வற்புறுத்தியிருக்கிறோம் என்பதை நாங்கள்தான் தாமதமாக உணர்ந்தோம். அவர் இடத்துக்கு ஐந்தாம் எண்ணின் அலுவலக நண்பர் ஒருவர் வந்திருக்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நான்கு ஏற்பாடுகளையும் ஒரே நாளில் தொடங்கியது பிழை. எது பலித்தது என்று பிரித்தறிய இப்போது வழியில்லை. மறுபடி செய்வதானால், இரண்டு தோல்வியோடு நிறுத்தும் விதியை முதலில் தனியாக இரண்டு வாரம் வைப்பேன். அதற்கு யாருடைய மனத்தையும் மாற்றத் தேவையில்லை. அதன் பிறகு நோட், அதுவும் தொடக்கத்திலிருந்தே தன் தவறுக்கு மட்டும். மறுநாள் பேச்சைக் கடைசியில் கொண்டுவந்து, அது வேண்டுமா என்று ஐவரையும் தனித்தனியே கேட்டபிறகே தொடங்குவேன். மிட் அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பாராட்டையும் இறந்தகாலத்தோடு சேர்த்துத் தடுத்தது தேவைதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆகஸ்டு முதல் அவர்களாகவே அதைத் தளர்த்திவிட்டார்கள். ஒரு சண்டை முடிந்து இரு அணியும் தளம் திரும்பும் இடைவெளியில் "செம" என்ற ஒரு சொல் வந்துபோகும். அது எந்தத் தகவலையும் அமுக்கியதாகப் பதிவில் இல்லை.

பொறுப்பு மாற்றத்தை ஐவர் முன்னிலையில் அறிவித்தது இதைவிடப் பெரிய பிழை. கல்லூரிக் காலம் தொட்டு அணியைக் கூட்டிவைத்தவர் கேரி. ஆட்கள் வராத நாளில் ஒவ்வொருவரையும் போனில் எழுப்பியவரும் அவர்தான். அவரிடம் முதலில் தனியே பேசி, கிரீப்பைப் பார்க்கும் கண்ணால் வரைபடத்தையும் பார்க்க முடியாது என்பதை அவருடைய ரீப்ளேயிலேயே காட்டி, அவர் வாயாலேயே அதை மற்றவர்களுக்குச் சொல்ல வைத்திருக்கலாம். செப்டம்பரில் ஒருநாள் இதை அவரிடமே சொன்னேன். "தனியா கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேங்ணா, அந்த நாலு நாள் லீவு மிச்சமாயிருக்கும்" என்றார். "தலைவரே" என்று கூப்பிடுவதை மட்டும் அவர் இன்னும் விடவில்லை. ஐந்தாம் எண்ணுக்கு இப்போது அணியில் அதுவே பெயர்.